‘ஏம்மா, இது காசு கட்டுற ஆட்டமா?’ - ஃபேண்டஸி ஆன்லைன் கேமில் முதல் வாரம் கற்றுத்தந்த பாடம்

2025 ஆகஸ்ட் மாதம். ஆன்லைன் பண விளையாட்டுகளுக்குத் தடை என்று டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி எலவனாசூர்கோட்டையில் இருந்து அப்பா போன் செய்தார்.

“ஏம்மா, ஃபேண்டஸி கேமையெல்லாம் மூடிட்டாங்களாமே... உன் ஆட்டமும் போச்சா?”

“அது வேற ஃபேண்டஸிப்பா. நான் ஆடுறது வேற” என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். ஆனால், ஒன்றில் பணம் போகும். இன்னொன்றில் நேரம் போகும். இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பல வீடுகளில் பிள்ளை போனைத் தொட்டாலே “ரம்மியா?” என்ற கேள்வி வருகிறது.

அது என்ன இரண்டாவது ஃபேண்டஸி?

கிரிக்கெட் ஃபேண்டஸி என்பது, நிஜ வீரர்களை வைத்து நாம் ஓர் அணியைத் தேர்வு செய்து, மைதானத்தில் அவர்கள் எடுக்கும் ரன், விக்கெட்டுக்கு ஏற்பப் புள்ளி வாங்கும் ஆட்டம். நுழைவுக் கட்டணம் கட்டி, பரிசுப் பணத்துக்காக ஆடப்பட்டதுதான் பெரும் சர்ச்சையானது.

நான் ஆடுவது வேறு வகை. மாயாஜாலக் கதையில் வருவது மாதிரி ஓர் உலகம். அதில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் நடமாடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கதாபாத்திரம். சுருக்கமாக எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி. என்பார்கள். 1997-ல் அல்டிமா ஆன்லைன், 1999-ல் எவர்குவெஸ்ட், 2001-ல் ரூன்ஸ்கேப், 2004-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று இந்த வகை வளர்ந்தது.

இதில் ரூன்ஸ்கேப், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள ஜாகெக்ஸ் நிறுவனத்தின் ஆட்டம். அதன் 2007-ம் ஆண்டுப் பழைய வடிவமே வேண்டும் என்று ரசிகர்கள் வாக்களிக்க, 2013-ல் ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ வந்தது. 2018 அக்டோபரில் அது செல்போனுக்கும் வந்துவிட்டது.

2020 ஊரடங்கில் சென்னையில் இருந்து ஊருக்குத் திரும்பி, வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோது, டீம்ல இருந்த ஓர் அண்ணன் சொல்லித்தான் அதை இறக்கினேன்.

முதல் நாள்: முட்டை, பால், மாவு

டிராகன், வாள், மந்திரம் என்று எதிர்பார்த்துப் போனேன். முதலில் கிடைத்தது சமையல்கட்டு வேலை!

பயிற்சித் தீவை முடித்ததும் லம்பிரிட்ஜ் என்ற கோட்டையில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே சமையல்காரர் ஒருவர் புலம்பிக்கொண்டிருப்பார். பிரபுவுக்குப் பிறந்தநாள், கேக் செய்யப் பொருள் இல்லை. ஒரு முட்டை, ஒரு வாளி பால், ஒரு பானை மாவு வேண்டும்.

கடைக்குப் போய் வாங்கிவிடலாம் என்று பார்த்தால், வேலை அப்படி முடியாது. கோழிப் பண்ணையில் முட்டையைத் தேட வேண்டும். மாட்டைப் பிடித்துக் கறக்க வேண்டும். கோதுமையைப் பறித்து, காற்றாலை மில்லின் மேல்மாடிக்கு ஏறி, தானியத்தைக் கொட்டி, நெம்புகோலை இழுத்து, கீழே இறங்கி வந்து மாவை அள்ள வேண்டும். வாசலிலேயே மக்காச்சோளம் காயவைத்திருந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, போனில் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, இது காசு கட்டுற ஆட்டமா?”

“இல்லப்பா. மாவு அரைக்கிற ஆட்டம்.”

சிரித்துவிட்டுப் போனார். ஆனால், சந்தேகம் போகவில்லை.

ஊர் நெட்டில் எப்படி ஓடியது?

உளுந்தூர்பேட்டையில் இருந்து கள்ளக்குறிச்சி போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். மழை வந்தால் மொட்டை மாடிதான் என் ‘நெட்வொர்க் சென்டர்’. துப்பாக்கிச் சண்டை கேம்கள் அங்கே திணறும். இது திணறவில்லை. காரணம், இதன் வடிவமைப்பு.

இந்த உலகம் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் ‘துடிக்கிறது’. நாம் செய்வதெல்லாம் அடுத்த துடிப்பில்தான் நடக்கும். நம் போனில் இருந்து சர்வருக்குப் போய்த் திரும்ப 0.2 நொடி ஆனால்கூட, அடுத்த துடிப்புக்குள் வந்து சேர்ந்துவிடலாம். நல்ல இணைப்பு உள்ளவருக்கும் நமக்கும் பெரிய இடைவெளி தெரியாது. 5ஜி இல்லாத ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாம் நாள்: செத்துப் பிழைத்தேன்

வாராக் என்ற பெரிய நகரத்தில் சந்தை இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். வழியில் ஒரு கல்வட்டம். அங்கே கறுப்பு அங்கி மந்திரவாதிகள். நாம் சும்மா நடந்து போனாலும் அடிப்பார்கள். நான்கு அடியில் ஆள் காலி!

பயப்பட வேண்டாம். புதிதாக வருகிற பலர் அதே இடத்தில்தான் சாகிறார்கள். மறுபடி லம்பிரிட்ஜில் எழுந்துகொள்ளலாம். பழக்கமே இல்லாத ஒருவர், பிரேசிலில் இருந்து ஆடுவதாகச் சொன்னவர், சமைத்த மீன் கொஞ்சம் கொடுத்து, “அந்தப் பாதை வேண்டாம், சுற்றிப் போ” என்று சொல்லிவிட்டுப் போனார். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. இந்த ஆட்டத்தில் முன்பின் தெரியாதவர்களை நம்பத் தொடங்கியது அங்கேதான். அந்த நம்பிக்கைதான் ஏழாம் நாள் என்னைக் கவிழ்த்தது.

ஏழாம் நாள்: ‘டபுள் பண்ணித் தரேன்’

ஆட்டத்துக்குள் காசு சம்பாதிக்கப் புதியவர்கள் செய்யும் வேலை, மாட்டுத்தோல் சேர்ப்பது. பையில் 28 இடம்தான். நிரம்பியதும் வங்கிக்கு நடந்து, வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். வேலை முடிந்த பிறகு ராத்திரி ராத்திரியாக இதையே செய்து, தோலை எல்லாம் சந்தையில் விற்று 60,000 காசு சேர்த்திருந்தேன்.

சந்தையில் ஒருவர் நின்று கத்திக்கொண்டிருந்தார்: ‘காசைக் கொடு, இரட்டிப்பாகத் தருகிறேன்.’

1,000 கொடுத்தேன். 2,000 வந்தது. 5,000 கொடுத்தேன். 10,000 வந்தது. இப்போது கையில் 66,000. மொத்தத்தையும் கொடுத்தேன்.

ஆள் மறைந்துவிட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது, ஆட்டம் என்னை எச்சரித்தது என்பதுதான். பொருள் மாற்றும்போது இரண்டு திரை வரும். நாம் தருவது ஒரு பக்கம், நமக்கு வருவது மறுபக்கம். எனக்கு வரும் பக்கத்தில் ‘ஒன்றுமே இல்லை’ என்று எழுதியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் இரண்டு முறை ‘சம்மதம்’ அழுத்தினேன்.

போனது பொய்க் காசு. ஆனால், போன ராத்திரிகள் நிஜம். அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. “ஈமு கோழியும் இப்படித்தாம்மா. மொத ரெண்டு மாசம் கரெக்டா வந்துச்சு” என்றார்.

அப்போ ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. முதல் ஆபத்து நேரம். இதில் ஒரு திறமையை உச்சமான 99-ம் நிலைக்குக் கொண்டுபோக 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். 92-ம் நிலைக்கு வந்துவிட்டால் முடிக்கப் போகிறோம் என்று தோன்றும். உண்மையில் அதுதான் பாதி வழி! ஒவ்வொரு நிலையும் முந்தையதைவிட அதிகம் கேட்கும். ‘இன்னும் ஒரே ஒரு லெவல்’ என்பதில்தான் ராத்திரி 2 மணி ஆகிறது. அலாரம் வைத்து ஆடுவது என் பழக்கம்.

இரண்டாவது, பணம். இலவசமாக ஆடலாம். கூடுதல் பகுதிகளுக்குச் சந்தா உண்டு. ‘பாண்ட்’ என்ற பொருளை நிஜப் பணத்தில் வாங்கி, உள்ளே விற்று ஆட்டக் காசாக மாற்றவும் வழி இருக்கிறது. அதாவது, பணம் உள்ளே போகலாம். ஆனால், ஆட்டக் காசை வெளியே நிஜப் பணத்துக்கு விற்பது விதிமீறல். கணக்கையே முடக்கிவிடுவார்கள். அப்படியும் கள்ளச்சந்தை இருக்கிறது. 2017 வாக்கில் வெனிசுவேலாவில் விலைவாசி எகிறியபோது, அங்குள்ள பலர் இந்த ஆட்டத்தில் டிராகன் வேட்டையாடிச் சேர்த்ததை விற்றுத்தான் சாப்பாட்டுக்கு வழி தேடினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், ஆன்லைன் விளையாட்டுகளை மூன்றாகப் பிரிக்கிறது.

* இ-ஸ்போர்ட்ஸ்: போட்டியாக நடத்தப்படும் விளையாட்டு.
* சமூக விளையாட்டு: பந்தயம் இல்லாமல் பொழுதுபோக்குக்கு ஆடுவது. சந்தா வாங்கினாலும் இந்த வகையில் வரலாம்.
* பண விளையாட்டு: பணம் கட்டி, பதிலுக்குப் பணம் கிடைக்கும் என்று ஆடுவது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பேச்சே இல்லை. இதற்குத்தான் தடை.

பண விளையாட்டை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.1 கோடி வரை அபராதம் அல்லது இரண்டும். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இதற்கு முன்பே, பண விளையாட்டுகளை நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று தமிழ்நாடு அரசு கொண்டுவந்த விதி செல்லும் என 2025 ஜூன் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

ஆக, பெற்றோர் கேட்க வேண்டியது ‘ஆன்லைன் கேமா?’ என்பதல்ல. ‘போட்ட பணத்துக்குப் பணம் திரும்ப வருமா?’ என்பதுதான். அப்பா 2020-லேயே சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்!

அதே ஆள், வேறு சந்தை

போன வருஷம் சித்தி பையன் ஒரு மெசேஜைக் காட்டினான். பார்ட் டைம் வேலையாம். ஹோட்டலுக்கு ரிவ்யூ போட்டால் காசு. முதலில் 150 ரூபாய் வந்துவிட்டது. அடுத்து 1,000 கட்டினால் 1,300. அதுவும் வந்துவிட்டது. இப்போது 10,000 கேட்கிறார்கள்.

“அக்கா, ரெண்டு தடவை கரெக்டா வந்துச்சே?”

எனக்கு அந்தச் சந்தை ஞாபகம் வந்தது. 1,000-க்கு 2,000. 5,000-க்கு 10,000. ‘ஒன்றுமே இல்லை’ என்று எழுதியிருந்த அந்தத் திரை. நிஜ உலகத்தில் அந்த எச்சரிக்கைத் திரைகூட வராது. அவனைக் கட்ட விடவில்லை.

(பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.)

அன்றைக்கு ராத்திரி இதை அப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அப்போ அந்த 66 ஆயிரம் தண்டமா போகல” என்றார். அப்புறம், “சரி, ராத்திரி ரொம்ப நேரம் ஆடாத. தூங்கு.”