கம்ப்யூட்டருக்குத் தப்பும் குமிழி

அனல்மின் நிலையமோ உரத் தொழிற்சாலையோ, ஒரு வால்வு பழுதானால் மொத்த ஆலையும் நிற்கக்கூடும். ஆனால் பாதி மூடிய வால்வுக்குள் தண்ணீர் படும் பாட்டைக் கண்ணால் பார்க்க வழியில்லை. குறுகிய இடைவெளியில் நுழைந்ததும் வேகம் எகிறுகிறது, அழுத்தம் சரிகிறது. மிகவும் சரிந்தால், சூடே இல்லாமல் தண்ணீர் கொதித்துக் குமிழிகள் பிறக்கின்றன. சற்றுத் தள்ளி அழுத்தம் மீண்டதும் அவை நசுங்கி உடைகின்றன. அந்த அடியில் எஃகே அரித்துப்போகிறது.

இதை முன்கூட்டியே அறியத்தான் கம்ப்யூட்டர். வால்வின் உட்புறத்தை லட்சக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேகமும் அழுத்தமும் கணக்கிடப்படுகின்றன. சிக்கல் சுழல்களில்தான். பெரிய சுழல் சிறியவையாக உடைந்துகொண்டே போகும். அத்தனையையும் பின்தொடர எந்த ஆலைக்கும் கட்டுப்படியாகாது. எனவே 1895-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் காட்டிய வழி கைகொடுக்கிறது: சராசரி. விடுபட்ட சுழல்களின் விளைவை, 1974-ல் லாண்டரும் ஸ்பால்டிங்கும் விளக்கிய கே-எப்சிலான் போன்ற மாதிரிகள் தோராயமாக ஈடுகட்டுகின்றன.

ஆபத்தும் அங்கேதான். சராசரி அழுத்தம் பத்திரமாகத் தெரியும் இடத்திலும், ஒரு சுழலின் மையத்தில் கணநேரம் அழுத்தம் விழலாம். குமிழிக்கு அந்தக் கணமே போதும். திரையில் தெரியும் வண்ணப் படம் அதைக் காட்டாமல் போகலாம்.

அதனால்தான் கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில், 1987-ல் உருவான திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றின் தேவை தீரவில்லை. அங்கே நிஜ வால்வில் நிஜத் தண்ணீர் பாய்கிறது. தேறாத வடிவங்களைக் கம்ப்யூட்டர் கழித்துத் தரும். தேறியது எது என்று சொல்வது தண்ணீர்தான்.