பத்துப் பவுனில் ஒரு புது தேசம்

இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்த 1945-ஆம் ஆண்டில், 75 லட்சம் ஜனங்கள்கூட இல்லாத ஆஸ்திரேலியாவில், குடியேற்றத்துக்கென்றே ஓர் இலாகா தோன்றியது. அதன் முதல் மந்திரியான ஆர்தர் கால்வெல், ஜனத்தொகை பெருகாவிடில் தேசம் அழியும் என்று ஓயாமல் எச்சரித்துவந்தார். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய சர்க்கார்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1947 முதல், தகுதி பெற்ற, வயது வந்த பிரிட்டிஷ்காரர் பத்தே பவுன் கட்டி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற முடிந்தது. குழந்தைகளுக்குக் கட்டணமே இருக்கவில்லை.

இத்தகைய சலுகைகளில் உதவித்தொகையைவிட உற்றுநோக்க வேண்டியது நிபந்தனையே என்பது என் அபிப்பிராயம். இரண்டு வருஷங்களுக்குள் திரும்ப விரும்பியவர், வந்த பிரயாணத்தின் முழுச் செலவையும் சர்க்காருக்குச் செலுத்திவிட்டு, மீளும் கப்பலுக்கும் தாமே கட்டணம் தேடவேண்டியிருந்தது. வெயிலில் கொதிக்கும் தகரக் கொட்டகைகளில், பொதுப் போஜனசாலையில் வரிசையில் நின்று உண்டு, வீட்டுக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு அத்தொகையைச் சேமிப்பது எளிய காரியமா? ஆயினும், சுமார் நான்கில் ஒருவர் ஊர் திரும்பினர். அவர்களிலும் பலர் மனம் மாறி மறுபடி ஆஸ்திரேலியாவுக்கே சென்றனர்.

பிற்பாடு இத்தாலி, கிரீஸ் முதலிய ஐரோப்பிய நாட்டாருக்கும் உதவி கிடைத்ததெனினும், வெள்ளையரல்லாதாரை விலக்கிய கொள்கை 1973 வரை நிலவியதால், உழைக்கச் சித்தமாயிருந்த ஆசிய மக்களுக்கு அவ்வாசல் அடைத்தே கிடந்தது. வருந்தத்தக்க அநீதி அது. வாசல் திறந்திருந்தவர்களிலோ, 1966-இல் இப்பத்துப் பவுன் திட்டத்தின்கீழ் வேல்ஸிலிருந்து பெற்றோருடன் வந்த சிறுமி ஜூலியா கில்லார்ட், 2010-இல் அத்தேசத்தின் பிரதம மந்திரியானார்.