சறுக்காத முடக்கு

வீதி வளையும் இடத்தைக் கோப்பாயில் முடக்கு என்போம். பருத்தித்துறை வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கை பிரியும் முடக்கில் எப்போதும் கொஞ்சம் மணல் கிடக்கும். தொண்ணூறுகளின் முற்பகுதியில், போரால் பெற்றோல் தடைசெய்யப்பட்டு, இருந்த ஒன்றிரண்டு ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் புகைந்து ஓடிய காலத்தில், நான் அறிந்த வேகமெல்லாம் சைக்கிள் வேகம்தான். அந்த மணலில் இரண்டாம் முறை முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்தபோது அப்பா மருந்து போட்டபடியே சொன்னார்: "முடக்குக்கு முன்னமே பிறேக்கைப் பிடி. முடக்குக்கை பிடிச்சால் மண் இழுத்துப்போடும்."

பந்தய விளையாட்டு என்று முதலில் என் கைக்கு வந்தது, பிறகு சில ஆண்டுகள் கழித்து, பற்றறியில் இயங்கும் ஒரு சிறு பெட்டி. கறுப்புச் சதுரங்களால் ஆன கார் இடமும் வலமுமாகத் தாவும். எதிரே வரும் கார்களில் முட்டாமல் தப்ப வேண்டும். அந்தத் தெருவில் முடக்கே கிடையாது. பற்றறியும் சில காலம் முன்புவரை தடைப்பட்டியலில் இருந்த பொருள் என்பதால், அதைத் தீர்க்காமல் ஓடுவதுதான் உண்மையான பந்தயம்.

2002இல், போரால் மூடியிருந்த ஏ9 பாதை மறுபடி திறந்தது. கொழும்பிலிருந்து வந்த சாமான்களோடு கணினிகளும் வந்தன. சந்திக்கு அண்மையில் ஒரு கடையில் நேரக்கணக்குக்குக் காசு கொடுத்து 'நீட் ஃபோர் ஸ்பீட்' ஓடினோம். முதலில் 1998இல் வெளியான மூன்றாம் பாகம்; பின்னர் 2003இல் வந்த 'அண்டர்கிரவுண்ட்'. விசைப்பலகையின் அம்புக்குறிக்கு இரண்டு நிலைதான் உண்டு: அமுக்கினால் முழுத் திருப்பம், விட்டால் நேர். பாதித் திருப்பம் வேண்டுமென்றால் விரலால் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பொறுமை எவருக்கு? முழு வேகத்தில் முடக்குக்குள் புகுந்து, மதிலில் உரசி, அந்த உராய்விலேயே திரும்பி வெளியே வருவது எங்களுடைய உத்தி. விளையாட்டும் அதைப் பெரிதாகத் தண்டிக்கவில்லை. 'அண்டர்கிரவுண்ட்' இன்னும் ஒரு படி மேலே போய், பின்பக்கத்தை வீசிச் சறுக்குவதற்கென்றே தனிப் போட்டி வைத்துப் புள்ளி கொடுத்தது. ஓடுகிறவன் ஒருவன், கதிரைக்குப் பின்னால் நிற்பவர்கள் ஐந்தாறு பேர். "முட்டவிடு மச்சான், முட்டவிடு!" அந்தக் கடையின் விசைப்பலகைகளில் மேல் அம்புக்குறி தேய்ந்து வழுவழுத்திருந்தது. பிறேக்குக்கு உரிய கீழ் அம்புக்குறி புதிதாகவே இருந்தது.

இன்று என் அக்காவின் மகனுக்குப் பதினாறு வயது. அவனுடைய மேசை விளிம்பில் லொஜிரெக் ஜி29 சுக்கான் பூட்டப்பட்டிருக்கிறது. ஓரத்திலிருந்து ஓரம் 900 பாகை, அதாவது இரண்டரைச் சுற்று. காலடியில் மூன்று மிதிகள். முன்சில்லு பிடி இழக்கும்போது சுக்கான் கையில் திடீரென்று இலேசாகிவிடும். அவன் ஓடுவது 2014இல் இத்தாலிய நிறுவனமொன்று வெளியிட்ட 'அசெற்றோ கோர்சா'. அதிலுள்ள நூர்புர்க்றிங் ஓடுபாதை, ஒரு சுற்று 20 கிலோமீற்றருக்கு மேல், லேசர் கருவியால் மேடுபள்ளத்தோடு அளந்து எடுக்கப்பட்டது. முதல் நாள் நான் பழைய பழக்கத்தில் ஓடினேன். மூன்றாவது முடக்கிலேயே மதில். கார் மறுபடி ஓடும் நிலையில் இல்லை.

"மாமா, மெதுவாப் போனாத்தான் கெதியாப் போகலாம்" என்றான்.

பிறகு விளக்கினான். ரயரின் பிடிமானம் மாதச் சம்பளம் போன்றது: பிறேக்குக்குக் கொடுத்தது போக மீதிதான் திருப்பத்துக்கு. அதனால் நேர்வீதியிலேயே பெரும் பிறேக்கை முடித்து, சுக்கானைத் திருப்பத் திருப்பப் பிறேக்கைச் சிறிது சிறிதாக விட வேண்டும். வெளி ஓரத்தில் தொடங்கி, நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளியே விரிந்தால் முடக்கின் ஆரம் பெரிதாகிவிடும். வேகம் இரட்டித்தால் தேவைப்படும் பிடி நான்கு மடங்கு. நான் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 மீற்றர் ஆரமுள்ள முடக்கில், உலர்ந்த தாரில் சாதாரண ரயர் ஏறத்தாழ 55 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும். மழை ஈரத்தில் பிடி பாதியானால் 40ஐக்கூடத் தொடாது. சறுக்காமல் ஓடுவது என்ற சொல்லும் முழுச் சரியில்லையாம். நன்றாக ஓடும்போதும் ரயர் பார்க்கும் திசைக்கும் கார் போகும் திசைக்கும் சில பாகை வித்தியாசம் இருக்கும். அதைத் தாண்டும்போதுதான் சறுக்கல்.

இத்தனை விளக்கத்திலும் அப்பா சொல்லாத புதுச் செய்தி பாதிக்குக் குறைவு. ஆனால் அப்பா காரணம் சொன்னதில்லை, மருந்துதான் போட்டார். இவனுக்குக் காரணம் தெரியும், காயம் இல்லை. நாங்கள் ஒரு முடக்கை எப்படிக் கடந்தோம் என்று எங்களுக்கே தெரியாது. இவன் ஒரு சுற்றை முடித்ததும் எந்த இடத்தில் பிறேக்கை அரை வினாடி பிந்திப் பிடித்தான் என்று கணினி காட்டும் வரைகோட்டில் பார்க்கிறான். போட்டிக்கு ரொறன்ரோவிலிருக்கும் இவனுடைய பெரியப்பா மகன் வருகிறான். இங்கே இரவு, அங்கே காலை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. காதுக்கருவியில் குரல் மட்டும். கதிரைக்குப் பின்னால் நிற்க எவரும் இல்லை. நான் நின்றபோது, "மாமா, கொஞ்சம் கதைக்காமல் இருங்கோ" என்றான். கவனம் குலைகிறதாம். எங்கள் காலத்தில் குலைப்பதற்காகவே நின்றோம்.

சந்திக் கடை இருந்த இடத்தில் இப்போது தொலைபேசி விற்கிறார்கள். பருத்தித்துறை வீதி காப்பெற் போட்டு வழுவழுவென்று கிடக்கிறது. ஒழுங்கை வாயிலில் மட்டும் மழைக்குப் பிறகு பழையபடி மணல் சேர்ந்துவிடுகிறது.

ஒருநாள் பின்னேரம் அக்காவின் மகன் ரியூசனுக்குச் சைக்கிளில் புறப்பட்டான். சற்றுப் பின்னால் நான் கடைக்கு நடந்தேன். முடக்கில் குனிந்து பார்த்தேன். மணலில் ரயர்த்தடம் இழுபடாமல், வெளி ஓரத்தில் தொடங்கி உள் ஓரத்தைத் தொட்டு, ஒரே கோடாகப் போயிருந்தது.