நரம்புக்கலத்தில் இலிப்பிட்டு நொதியங்களின் இருப்பிடம்

ஒரு நொதியம் மூளையில் உண்டா, எவ்வளவு உண்டு என்னும் வினாக்களுக்கு, மூளையிழையத்தை அரைத்துப் பகுத்து உயிரிரசாயனவியலாளர் விடை காண்பர். ஆயின், அந்நொதியம் கலத்தின் எப்பகுதியில் இருந்தது என்னும் செய்தி அரைக்கும்போதே அழிந்துவிடுகின்றது. இலிப்பிட்டுச் சமிக்ஞைகளைப் பொறுத்தவரை இவ்விழப்புச் சிறியதன்று.

ஏனைய நரம்புச் செய்திப்பொருள்கள் சிறு பைகளில் முன்கூட்டியே சேமிக்கப்படுவன. இலிப்பிட்டுகளோ மென்சவ்விலேயே கரைவன. தேவை நேரும்போது அம்மென்சவ்விலிருந்தே ஆக்கப்படுவன. எனவே, ஆக்கும் நொதியம் எங்குளதோ அங்கேயே செய்தி பிறக்கின்றது. 1995 இல் இனங்காணப்பட்ட 2-அரக்கிடனோயில் கிளிசரோல் இதற்கு நல்ல சான்று. கஞ்சாவின் வினைப்பொருள் பற்றும் அதே வாங்கியையே இதுவும் பற்றுகின்றது. செய்தி பெறும் கலத்திலிருந்து அனுப்பும் முனைக்கு இது பின்னோக்கிச் சென்று, அம்முனையின் சுரப்பைத் தணிக்கின்றது என்பதனை 2001 இல் வெளிவந்த மின்னுடற்றொழிலியல் ஆய்வுகள் காட்டின. அவ்வாறாயின், ஆக்கும் நொதியம் பெறும் பக்கத்தில் இருத்தல் வேண்டும்.

அந்நொதியமான இருஅசைல்கிளிசரோல் இலிப்பேசு-அல்பாவின் பரம்பரையலகு 2003 இல் பிரித்தறியப்பட்டது. 2006 இல் ஜப்பானில் வட்டனாபே குழுவினரும் ஹங்கேரியில் கற்றோனா குழுவினரும், பொற்றுணிக்கை பிணைத்த பிறபொருளெதிரிகளைக் கொண்டு இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அதனைத் தேடினர். ஹிப்போகம்பசின் கூம்பகக் கலங்களில், செய்தி பெறும் கிளைகளில் முளைக்கும் நுண்முட்களில் அது காணப்பட்டது. சிறுமூளையின் பேர்க்கின்சே கலங்களிலோ முள்ளின் கழுத்தடியில் செறிந்திருந்தது; முள்ளின் உடலிற் காணப்படவில்லை. ஒரே நொதியம் கலவகைக்கேற்ப இடம் மாறி அமைவது வியப்புக்குரியது. சிதைக்கும் நொதியமான ஒற்றைஅசைல்கிளிசரோல் இலிப்பேசு எதிர்ப்பக்கத்தில், அனுப்பும் முனையில் உண்டு என்பது 2004 இலேயே அறியப்பட்டிருந்தது. 2010 இல், அல்பா நொதியமற்ற சுண்டெலிகளில் பின்னோக்கிய தணிப்பு அற்றுப்போனமை காட்டப்பட்டதும் கருதுகோள் உறுதி பெற்றது. இவ்விலங்குகளின் மூளை பிறிதொரு வகையிலும் பயன்பட்டது: நொதியமில்லாத இழையத்தில் பிறபொருளெதிரி படியுமாயின், அப்படிவு பொய்யானது.

1992 இல் கண்டறியப்பட்ட ஆனந்தமைடு இவ்வொழுங்கிற்கு இணங்கவில்லை. அதன் ஆக்கத்தோடு தொடர்புற்ற பொசுபோ இலிப்பேசு-டி வகை நொதியமொன்று, ஹிப்போகம்பசின் பாசிநார் முனைகளில், அதாவது அனுப்பும் பக்கத்தில், கல்சியம் சேமிக்கும் உள்மென்சவ்வுகளின்மீது உளதென 2008 இல் அறியப்பட்டது. அதனைச் சிதைக்கும் நொதியமோ பெறும் கலத்தின் உள்மென்சவ்வுகளில் உண்டு. இரு இலிப்பிட்டுகளையும் ‘அகக்கஞ்சாப் பொருள்கள்’ என ஒரே தலைப்பில் அடக்கி, ஒரே அம்புக்குறியால் வரைந்து காட்டும் படங்கள் ஆதலால் ஏற்புடையனவல்ல.

மருத்துவத்தில் இதன் விளைவு வெளிப்படையானது. இவ்வாங்கியை உடலெங்கும் தடுத்த ரிமோனபந்து என்னும் உடற்பருமன் மருந்து, மனச்சோர்வு முதலிய பாதிப்புகளால் 2008 இல் ஐரோப்பாவில் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. சந்தை அவசரம் கலத்தின் வரைபடத்திற்காகக் காத்திருப்பதில்லை. நொதியங்களைத் தடுக்கும் மருந்துகளை ஆராய்வோர், தடுக்கப்படும் நொதியம் நரம்பிணைப்பின் எப்பக்கத்தில் உளது என்பதனை முதலிற் கேட்கவேண்டியுள்ளது.