மாபாரில் மடிந்த குதிரைகள்: குளம்பு அழற்சி நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழகத்திற்குக் குதிரை கடல்வழி வந்த செல்வமாகும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்றுத் துறையில் வெண்ணிற உளையுடைய புரவிகள் கலங்களில் வந்திறங்கியதைக் குறிப்பிடுகிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் விசயநகரக் காலச் சிற்பிகள் வடித்த பாய்பரிகள், குதிரைக்கு இருந்த மதிப்பை இன்றும் காட்டுகின்றன. இவ்விரு காலங்களுக்கும் இடைப்பட்ட 13ஆம் நூற்றாண்டில், பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்ட குதிரைகள் விரைவில் அழிந்தன. அதன் காரணத்தைக் குளம்பு நோயின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அயலார் சான்றுகள்

மாபார் எனப்பட்ட பாண்டிய நாட்டு அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினர் என்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் 100கூட எஞ்சவில்லை என்றும் மார்க்கோ போலோ கூறுகிறார். குதிரை மருத்துவம் அறிந்தோர் இங்கு இல்லை. விற்பனை குன்றாதிருக்க, வணிகர் அத்தகையோரை இங்கு வரவிடவும் இல்லை என்பது அவர் தரும் செய்தி. இறைச்சியுடன் வேகவைத்த அரிசி குதிரைகளுக்கு ஊட்டப்பட்டதாகவும் அவர் எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப், வறுத்த வாற்கோதுமை, நெய்யிட்ட தானியம், காய்ச்சிய பசும்பால் ஆகியவற்றைக் கொடுத்து, 40 நாள்கள் கொட்டிலில் கட்டிக் கொழுக்கவைத்து, பின் பயிற்சியின்றிக் கடுமையாக ஓட்டினர் என்கிறார்.

நோயின் இயல்பு

குளம்பின் கொம்புச்சுவரையும் உள்ளிருக்கும் பாத எலும்பையும் நுண்ணிய இழையடுக்குகள் பிணைக்கின்றன. குதிரையின் குடல் புல்லுக்கு ஏற்றது. மாவுச்சத்து மிகுந்தால் அது பெருங்குடலை அடைந்து நொதித்து அமிலமாகிறது. நச்சுப்பொருள்கள் குருதியில் கலக்கின்றன. கொழுத்த குதிரையில் இன்சுலின் மிகுவதும் அவ்விழையடுக்கைத் தளர்த்தும். பிணைப்புத் தளர்ந்த நிலையில் ஓட்டினால், உடற்பாரம் தாங்காது பாத எலும்பு திரும்பும் அல்லது கீழிறங்கும். குளம்பு சுடுதல், பின்னங்கால்களில் பாரத்தைச் சாய்த்து நிற்றல், நடக்க மறுத்தல் ஆகியன இதன் அறிகுறிகள்.

சிகிச்சை முறை

தானியத்தை உடனே நிறுத்துதல், தொடக்கத்திலேயே பனிநீரில் குளம்பைக் குளிர்வித்தல், ஆழ்ந்த மணற்படுக்கையில் ஓய்வு, வலிநீக்கி மருந்து ஆகியன இன்றைய முறைகள். அடுத்து, குளம்பின் முன்முனையைச் செதுக்கிப் பாரத்தைக் குறைத்து, பொருத்தமான லாடம் கட்டவேண்டும். இக்கடைசிப் பணி கைத்திறன் மிக்க வல்லுநருக்கே உரியது.

முடிவுரை

இவ்விரு நூலாரும் நோயின் பெயரைச் சுட்டவில்லை. எனவே எல்லா இறப்பையும் குளம்பு அழற்சிக்கு உரித்தாக்குதல் பொருந்தாது. எனினும், மிகைத்தீனி, கட்டிவைப்பு, திடீர் உழைப்பு என வசாஃப் கூறும் வரிசை இந்நோய் தோன்றும் வரிசையோடு ஒத்துள்ளது. ஆகவே, தட்பவெப்பம் மட்டுமே காரணம் என்னும் பொது விளக்கம் போதாது. குதிரை வந்த கலத்தில் அதனைப் பேணும் அறிவு வரவில்லை என்பதே இச்சான்றுகள் உணர்த்தும் உண்மை.