ஷாக் கொடுக்காமல் இருக்கவும் தெரிய வேண்டும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி, பத்மநாபசுவாமி கோயில் படிகளில் விறுவிறுவென ஏறுபவருக்கு நாடித்துடிப்பு 140-ஐத் தொட்டால் அதிசயமில்லை. அவர் மார்பில், ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்து அடக்கும் ஐ.சி.டி. கருவி இருந்தால், இது படியேறிய படபடப்பா, உயிரைக் குடிக்கும் துடிப்பா என்று அது சில நொடிகளில் தீர்மானித்தாக வேண்டும்.

குமரி, நெல்லைப் பக்கத்து இதய நோயாளிகள் பலர் தேடிப் போகும் ஸ்ரீசித்ரா திருநாள் மருத்துவ நிறுவனம் இதே ஊரில்தான் இருக்கிறது. திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-ல் கொடுத்த கட்டடத்தில் தொடங்கிய கதை அது. அதன் இயக்குநராக இருந்த டாக்டர் வலியத்தான் காலத்தில் அங்கே உருவான செயற்கை வால்வு 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. துடிப்புக் கோளாறுகளுக்கும் அங்கே தனிச் சிகிச்சை உண்டு.

அத்தகைய கோளாறை அடக்கும் ஐ.சி.டி.யை உருவாக்கியவர் மிஷேல் மிரோவ்ஸ்கி. தம் மூத்த மருத்துவர் 1966-ல் துடிப்புக் கோளாறால் இறந்ததுதான் அவரை உலுக்கியது. 1980 பிப்ரவரியில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு முதல் கருவி பொருத்தப்பட்டது. அன்று அதற்குத் தெரிந்த வைத்தியம் ஷாக் ஒன்றே.

இன்றைய கருவி துடிப்பின் நடையைப் படிக்கிறது. படியேறினால் வேகம் மெல்ல மெல்லக் கூடும். இதயத்தின் கீழறைக் கோளாறு சட்டென்று பாயும். துடிப்புகளின் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா, மின்னலையின் வடிவம் வழக்கமானதுதானா, மேலறை முந்துகிறதா கீழறை முந்துகிறதா என்றும் பார்க்கிறது. ஆபத்து என்று தெரிந்தாலும் பல நேரம் எடுத்த எடுப்பில் ஷாக் இல்லை. கோளாறின் வேகத்தைவிடச் சற்றே விரைவாகச் சில மின்துடிப்புகளை அனுப்பி, இதயத்துக்குள் வட்டமடிக்கும் மின்னோட்டத்தை இடையில் புகுந்து அறுக்கிறது. நோயாளிக்கு வலியே தெரியாது. நிமிடத்துக்கு 188 முதல் 250 வரை ஓடிய கீழறைத் துடிப்புகளில் ஏறக்குறைய முக்கால் பங்கை இந்த முறையே அடக்கியது என்று 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது.

2012-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். துடிப்பு 200-க்கு மேல் போனால் மட்டுமே தலையிடும்படி கருவியை அமைத்தபோது, தேவையற்ற சிகிச்சை வெகுவாகக் குறைந்தது, இறப்பும் குறைந்தது. அவசரப்படாத கருவியே நல்ல கருவி என்பேன். ஆனால் அந்தப் பொறுமையை அதற்குக் கற்றுக்கொடுப்பவர், நோயாளியின் வயதையும் வேலையையும் கேட்டறிந்து அமைப்பைத் திருத்தும் மருத்துவர். கருவியின் விலையைப் பற்றி விசாரிக்கும் நம்மவர்கள் இந்த அமைப்பைப் பற்றிக் கேட்பதில்லை.

கருவி பொருத்திக்கொண்டவர்களுக்கு: எந்த வேகத்தில் அது தலையிடும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கருவி அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும். ஒரு ஷாக் வந்து உடல் தெம்பாக இருந்தால் மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். அடுத்தடுத்து வந்தாலோ மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.