கண்மாயில் விழாத தீக்கோளம்

டிசம்பர் 14ஆம் நாள் விடியற்காலை நான்கு மணி. மதுரையில் என் வீட்டு மொட்டைமாடியில் எரிநட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். திடீரென்று வானம் வெளுத்தது. கைப்பிடிச் சுவரின் நிழல் தளத்தில் ஓடிற்று. நிமிர்ந்தேன், பச்சை கலந்த வெண்ணிறத் தீக்கோளம் ஒன்று கிழக்கே சரிந்து, அடுத்த வீட்டுத் தென்னையின் உச்சிக்கு நேரே அணைந்தது. ஒரு நிமிடம் செவிசாய்த்தேன். ஓசை இல்லை.

"கண்மாய்க்குள்தான் விழுந்திருக்கிறது, சார்!" என்றார் அடுத்த வீட்டுப் பெரியவர். விடிந்ததும் தேடப் புறப்பட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாணவ நண்பர்களே, மிகு ஒளியுள்ள பொருளை அருகில் இருப்பதாகக் கொள்வது கண்ணின் இயல்பு. ஒற்றை இடத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தொலைவு தெரியாது. 1798ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழக மாணவர்களான பிராண்டெஸ், பென்சன்பெர்க் என்னும் இருவர், சில கிலோமீட்டர் இடைவெளியில் நின்று ஒரே எரிநட்சத்திரத்தைக் குறித்து, அதன் உயரத்தைக் கணக்கிட்டனர். அவர்களும் உங்களைப் போன்ற மாணவர்களே என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நல்வாய்ப்பாக, திருச்சியில் இருக்கும் என் தம்பியும் அதைப் பார்த்திருந்தான். தனக்கு நேர் தெற்கே அணைந்தது என்றான். எனக்கோ கிழக்கே, சற்று வடக்காக. வரைபடத்தில் இரு கோடுகளை வரைந்தேன். அவை காரைக்குடிக்கு அருகே வெட்டிக்கொண்டன. மதுரையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர்! பிறகு கோணமானியில் நூலும் கல்லும் கட்டி, நின்ற இடத்திலிருந்தே தென்னையின் உச்சியை அளந்தேன்: 45 பாகை. ஆகவே உயரமும் அதே 75 கிலோமீட்டர். அங்கிருந்து ஒலி புறப்பட்டிருந்தாலும் என்னை அடைய ஐந்து நிமிடத்துக்கு மேலாகும். ஒரு நிமிடத்தில் செவியை மூடிக்கொண்டது என் பிழை. 2013ஆம் ஆண்டில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில், ஒளியைக் கண்டு சன்னலருகே வந்து நின்றவர்கள் பலரை, பின்னர் வந்த அதிர்ச்சியலை கண்ணாடிச் சில்லுகளால் காயப்படுத்தியது.

தீக்கோளத்தின் பாதையைப் பின்னோக்கி நீட்டினால், மேற்கே சாய்ந்திருந்த மிதுன ராசியைத் தொட்டது. எனவே அது, 1983இல் கண்டறியப்பட்ட பேத்தான் என்னும் சிறுகோள் சிந்திய துணுக்கு. நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது, முன்னால் நெருக்குண்ட காற்று கடுஞ்சூடாகிறது. கல் ஆவியாகி ஒளிர்கிறது. எலுமிச்சம்பழ அளவே போதும், நிழல் விழச் செய்ய.

பெரியவர் வெறுங்கையுடன், முழங்கால் வரை சேற்றோடு திரும்பினார். வரைபடத்தைக் காட்டினேன். "அப்படியானால் காரைக்குடிக்காரர்கள் தேடட்டும்," என்றார். அங்கும் கிடைக்காது, அவ்வளவு சிறிய கல் உயரத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.